பியூர் சயின்ஸ், கட்-ஆஃப் 179: நீட் முடிவு வரும்வரை தங்கச்சி காத்திருக்கணுமா?

வேதாரண்யத்து அண்ணன் | 6 மே 2024, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு இன்னிக்குக் காலையில +2 ரிசல்ட் வந்துடுச்சு. 600க்கு 527. தமிழ் 91, இங்கிலீஷ் 78, இயற்பியல் 82, வேதியியல் 88, தாவரவியல் 93, விலங்கியல் 95. தமிழ் வழி, பியூர் சயின்ஸ் குரூப், கணக்கு கிடையாது. நேத்துதான் நீட் எழுதிட்டு வந்தா. விடையைச் சரிபார்த்துப் பார்த்ததில் 300ஐ ஒட்டி வரும்னு சொல்றா. முடிவு ஜூன் 14ன்னு அறிவிச்சிருக்காங்க.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் பார்க்கறேன். +2வோட நிறுத்திட்டேன். அப்பா உப்பளத்து வேலை. எங்க வீட்டுல யாரும் காலேஜ் வாசப்படி மிதிச்சதில்ல, அதனால யாரைக் கேக்கறதுன்னு தெரியல. ஊர்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீட் முடிவு வரட்டும், அதுக்கப்புறம் மத்ததைப் பார்க்கலாம்னு ஸ்கூல்ல ஒருத்தர் சொன்னாராம். நர்சிங்குக்கும் நீட் வேணும்னு இன்னொருத்தர். பியூர் சயின்ஸ் எடுத்ததே தப்புன்னு பக்கத்து வீட்டு அண்ணன்.

அவளுக்கு ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட படிப்புதான் வேணுமாம். எங்க மாமாவுக்கு ரெண்டு வருஷமா டயாலிசிஸ். வாரம் ரெண்டு நாள் ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டுப் போய் பக்கத்துலயே உக்காந்திருக்கறது இவதான். பாடப் புத்தகத்தையும் அங்கதான் படிச்சா. விவரம் தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

மதுரை செவிலி | 6 மே 2024, இரவு 10.25

தம்பி, முதல்ல தங்கச்சிக்கு என் வாழ்த்துகள். டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்து படித்து விலங்கியலில் 95 எடுத்திருக்கிறாள்.

நீட் முடிவுக்குக் காத்திருக்கவே கூடாது. நம் ஊரில் பிள்ளைகள் தவறுவது பாதி நேரம் மதிப்பெண்ணால் அல்ல, தேதியால்தான். பி.எஸ்சி. நர்சிங்குக்குத் தமிழ்நாடு அரசு ஒதுக்கீட்டில் நீட் தேவையில்லை. +2 மதிப்பெண்தான். பி.ஃபார்ம்., பிசியோதெரபி, எக்ஸ்ரே, லேப், ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் டெக்னாலஜி எல்லாமே அதே விண்ணப்பம்தான். கீழ்ப்பாக்கத்தில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு இருக்கிறது. பாராமெடிக்கல் படிப்புகள் என்று அவர்கள் தனியாக விண்ணப்பம் வாங்குவார்கள். எம்.பி.பி.எஸ். விண்ணப்பத்துக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அங்கே போட்டிருக்கிறோமே, இங்கேயும் சேர்ந்துவிடும் என்று நினைத்து ஏமாந்த பிள்ளைகளை வருஷாவருஷம் பார்க்கிறேன்.

நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40. டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் தங்கச்சி இதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாள். நீட் வேண்டும் என்று சொன்னவரும் முழுப் பொய் சொல்லவில்லை. புதுச்சேரி ஜிப்மரிலும் ராணுவ நர்சிங்கிலும் நீட் மதிப்பெண் கேட்பார்கள். அதை எல்லா நர்சிங்குக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள்.

விலங்கியல் வாத்தியார் | 6 மே 2024, இரவு 11.10

கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் 200 மதிப்பெண் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறேன். இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

பியூர் சயின்ஸில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனித் தாள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 93+95, அதாவது 94. இதுதான் உயிரியல் 100க்கு. இயற்பியலையும் வேதியியலையும் கூட்டிப் பாதியாக்கினால் 82+88, அதாவது 85. ஆக 200க்கு 179. பயோ-மேக்ஸ் (உயிரியலும் கணக்கும்) எடுத்தவர்களுக்கு உயிரியல் ஒரே தாள் என்பதால் அந்த 100 அப்படியே வரும். நடப்பது இவ்வளவுதான். பியூர் சயின்ஸ் எடுத்ததால் இந்தப் படிப்புகளில் ஒரு குறையும் வராது. கணக்கு இல்லாததால் மூடிக்கொண்ட கதவு பொறியியல். அந்தப் பக்கம் அவளுக்கு ஆசை இருப்பதாகத் தெரியவில்லை.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இந்த 179 பொருந்தாது. மொழித்தாள் இரண்டையும் விட்டுவிட்டு நான்கு பாடத்தையும் அப்படியே கூட்டி 400க்குத் தரவரிசை போடுவோம். அவளுக்கு 358. பி.எஸ்சி. விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியலில் சேர மிக நல்ல எண். ஒரே இணைய விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகள் வரை குறிக்கலாம், கட்டணம் 50 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய். இதை இன்றைக்கே போடுங்கள்.

மூணாவது முயற்சி | 7 மே 2024, காலை 7.15

ஒரு வருஷம் நின்னு நீட்டுக்குப் படிக்கச் சொல்லுங்க அண்ணா. 300ங்கிறது முதல் தடவைக்கு நல்ல மார்க். அதுவும் அரசுப் பள்ளின்னா மருத்துவ இடங்கள்ல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கு. 2020ல வந்தது. அதுல போட்டி தனி. படிப்புச் செலவு, ஹாஸ்டல் செலவு எல்லாத்தையும் அரசே பார்த்துக்கும். இந்த வாய்ப்பை விட்டுட்டு நர்சிங் போறது எனக்குச் சரியாப் படல.

வேதாரண்யத்து அண்ணன் | 7 மே 2024, மதியம் 1.05

சாப்பாட்டு நேரத்துல எழுதறேன். எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 7.5ஐத்தான் நாங்களும் நம்பியிருக்கோம். ஏழாவது மட்டும் பக்கத்து ஊர் எய்டட் ஸ்கூல். ஆறாவதும், எட்டாவதுல இருந்து +2 வரையும் அரசுப் பள்ளி. அது போதும்ல?

மதுரை செவிலி | 7 மே 2024, மதியம் 2.30

தம்பி, போதாது. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. தலைமையாசிரியர் ஒவ்வொரு வகுப்புக்கும் சான்று தரும்போது அந்த ஒரு வருஷம் தனியாகத் தெரிந்துவிடும்.

வேதாரண்யத்து அண்ணன் | 7 மே 2024, இரவு 9.50

அந்த வருஷம் கஜா புயல். எங்க ஓடு எல்லாம் போயி, அவளைச் சித்தி வீட்டுல விட்டிருந்தோம். சித்தி ஊர்ல இருந்தது எய்டட் ஸ்கூல்தான். அவகிட்ட இன்னும் சொல்லல. ஒரு வருஷத்துக்காக இப்படி ஆகும்னு அப்போ யாருக்குத் தெரியும்.

மூணாவது முயற்சி | 7 மே 2024, இரவு 10.20

அண்ணா, மன்னிச்சிருங்க. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். 7.5 இல்லைன்னா என் கணக்கு மாறுது. என் கதையையே சொல்றேன். முதல் தடவை 268. ஒரு வருஷம் நின்னேன், 371. இன்னொரு வருஷம் நின்னு ஞாயித்துக்கிழமை மூணாவது தடவை எழுதியிருக்கேன். கோச்சிங்குக்கும் ஹாஸ்டலுக்கும் அம்மாவோட செயின் போயிடுச்சு. என்கூட +2 முடிச்சவ இப்போ நர்சிங் மூணாம் வருஷத்துக்குப் போறா. எனக்கு இன்னும் மருத்துவம்தான் வேணும், அது வேற. ஆனா நிக்கணுமான்னு முடிவு பண்ண வேண்டியது உங்க தங்கச்சிதான்.

இயன்முறை மருத்துவன் | 8 மே 2024, காலை 6.40

நீட்டைப் பற்றி ஒரு விஷயம். தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. போன வருஷம் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720க்கு 137. ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 107. 300 எடுத்தால் தகுதி நிச்சயம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். கலந்தாய்வில் அரசுக் கல்லூரி இடம் வேண்டுமானால் அதைவிட வெகு உயரத்தில் நிற்க வேண்டும். தகுதி என்ற அந்த ஒரு சொல்லை நம்பித் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்ந்துவிட்டு நடுவில் திணறும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அந்த 300 வீண் அல்ல. சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதிக்கும் நீட் தகுதி வேண்டும். பாளையங்கோட்டை, அரும்பாக்கம் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகளுக்கு அவள் விண்ணப்பிக்கலாம். பி.எஸ்.எம்.எஸ்., அதாவது சித்த மருத்துவப் பட்டம், ஐந்தரை வருஷம். பத்தாவதிலோ +2விலோ தமிழ் படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வருஷத்தில் தமிழ் படித்தாக வேண்டும் என்று விதியே உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அங்கே மூலநூலை நேராகப் படிக்க முடிகிற பலம் இருக்கும். அதே அரும்பாக்கத்தில் இருக்கும் யோகா, இயற்கை மருத்துவப் படிப்புக்கு நீட் இல்லை, +2 மதிப்பெண்தான்.

நான் படித்தது பி.பி.டி., அதாவது பிசியோதெரபி. அப்போது நான்கு வருஷம், அதன்பின் ஆறு மாதம் பயிற்சி. பக்கவாதம் வந்து படுத்தவரை மூன்று மாதத்தில் சுவரைப் பிடித்து நடக்க வைக்கிற வேலை. எனக்கு இதைவிட நிறைவானது எதுவும் தோன்றவில்லை. ஆனால் ஒரு உண்மை. அரசு வேலை குறைவு. சொந்தமாக மையம் வைக்கும்வரை முதல் சில வருஷம் சம்பளம் சிறியதுதான். வீட்டுக்கு உடனே பணம் தேவை என்றால் நர்சிங்கை முதலில் வையுங்கள்.

கோவில்பட்டி அம்மா | 8 மே 2024, காலை 11.30

நான் இங்கே எழுதுவதே இந்தப் பிள்ளைக்காகத்தான். என் மகளுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக் கூடாது.

2019இல் அவளுக்கு +2வில் மார்க் குறைவு. கலந்தாய்வில் எதுவும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு பாராமெடிக்கல் நிறுவனம் இருந்தது. பி.எஸ்சி. லேப் டெக்னாலஜி, மூன்று வருஷம், வேலை உறுதி என்றார்கள். வெள்ளைக் கோட்டும் அடையாள அட்டையும் கொடுத்தார்கள். வருஷத்துக்கு 55,000. என் கணவர் லாரி ஓட்டிக் கட்டினார். முடித்த பிறகு கையில் வந்தது வெளி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைதூரக் கல்விச் சான்றிதழ். ஒரு ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்ததும் மேசைமேல் அப்படியே திருப்பி வைத்துவிட்டார்கள். என் மகள் அழவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. இப்போது ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள்.

தம்பி, விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். பட்டத்தை யார் தருகிறார்கள் என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்.

இயன்முறை மருத்துவன் | 8 மே 2024, மதியம் 12.15

அம்மா சொன்னதை யாரும் சாதாரணமாகத் தாண்டிப் போய்விட வேண்டாம். நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, பாராமெடிக்கல் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியில் நடத்தவே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிப்பதில்லை. நோயாளியைத் தொடாமல் கற்றுக்கொள்ள முடியாத படிப்புகள் இவை.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் பட்டங்களைத் தருவது பெரும்பாலும் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இணைவு பெற்ற கல்லூரிகளைப் படிப்பு வாரியாக அவர்கள் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள். கல்லூரி பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் படிப்புக்கும் இணைவு இருக்க வேண்டும். நர்சிங் என்றால் மாநில நர்சிங் கவுன்சில் பட்டியலிலும், பி.ஃபார்ம். என்றால் இந்திய பார்மசி கவுன்சில் பட்டியலிலும் பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே பட்டம் தருவார்கள், அங்கேயும் கவுன்சில் அங்கீகாரம் கேட்க வேண்டும். நேரில் போனால் இன்னொன்று கவனியுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி, எத்தனை படுக்கை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மா, உங்கள் மகள் முறையான டிப்ளமோவோ பட்டமோ இனிமேலும் படிக்கலாம். வயதைச் சொல்லுங்கள், என்ன வழி என்று தனியாக எழுதுகிறேன்.

கால்நடை டாக்டர் | 8 மே 2024, இரவு 8.45

எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே. பி.வி.எஸ்சி., அதாவது கால்நடை மருத்துவம், ஐந்தரை வருஷம். தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்கு +2 மதிப்பெண். அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்கு மட்டும் நீட். நீட் இல்லாமல் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ள முடிகிற படிப்பு என்பதால் 200ஐத் தொடுகிற பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். 179க்கு நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற விரும்பவில்லை. விண்ணப்பம் போடுங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள்.

வேதாரண்யம் என்று பார்த்ததும் தோன்றியது: பக்கத்தில் தலைஞாயிறில் மீன்வளக் கல்லூரி இருக்கிறதே! பி.எஃப்.எஸ்சி. நான்கு வருஷம், +2 மதிப்பெண்தான். இறால் பண்ணை, மீன் நோய், குஞ்சுப் பொரிப்பகம் என்று முழுக்க உயிரியல். கடற்கரைப் பிள்ளைகள் இதை ஏனோ எட்டிப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரி வேண்டும் என்கிறாள், தெரியும். ஆனாலும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்.

சி.எஸ். பையனின் அப்பா | 9 மே 2024, காலை 9.00

இழைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இப்போது +2 முடித்துவிட்டு மருத்துவத் துறை வேண்டும் என்கிறான். உயிரியல் படிக்கவே இல்லை. ஏதாவது வழி உண்டா?

விலங்கியல் வாத்தியார் | 9 மே 2024, மாலை 5.30

உண்டு ஐயா, ஆனால் சுற்று வழி. பி.ஃபார்முக்கு இயற்பியலும் வேதியியலும் கட்டாயம், மூன்றாவது பாடம் உயிரியலாகவோ கணக்காகவோ இருக்கலாம். ஆகவே உங்கள் மகன் இந்த வருஷமே சேரலாம். கணக்கு இருப்பதால் பொறியியல் கலந்தாய்வில் பயோமெடிக்கல் எடுக்கலாம். ஆஸ்பத்திரியின் எந்திரங்களோடு வேலை. எம்.பி.பி.எஸ்.தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், உயிரியலைக் கூடுதல் பாடமாக அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்திருக்கிறது. நர்சிங், பிசியோதெரபிக்கு உயிரியல் இல்லாமல் முடியாது.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாளை வருகிறது. இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். +1 குரூப் எடுக்கும் அந்த ஒரு காலை நேரத்தில்தான் பாதிக் கதவுகள் திறக்கின்றன, மீதி மூடுகின்றன. கூட்டம் நிற்கிற வரிசையில் பிள்ளையை நிறுத்திவிடாமல், என்ன பிடிக்கிறது என்று வீட்டில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பேசுங்கள். முடிவாகவில்லை என்றால் பயோ-மேக்ஸ் இரண்டு பக்கமும் திறந்து வைக்கும். சுமை அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கைக் கண்டு பயப்படுகிற பிள்ளையை அதில் தள்ளினால் நான்கு பாடத்திலும் மதிப்பெண் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே எல்லோரும் பி.எஸ்சி. விலங்கியலை ஒன்றும் கிடைக்காதபோது போகிற இடமாகவே எழுதுகிறோம், நானும் மேலே அப்படித்தான் எழுதிவிட்டேன். 24 வருஷமாக அந்த வகுப்பறையில் நிற்கிறேன். நீட் போய்விட்டது என்று முகம் வாடி வந்து உட்காரும் பிள்ளைகளில் ஒருத்தி, நுண்ணோக்கியில் குளத்துத் தண்ணீரைப் பார்த்துவிட்டு மணி அடித்ததும் எழுந்து போகாமல் நின்றாள். அவள் இன்றைக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறாள். இந்திய வனப் பணித் தேர்வுக்கு விலங்கியல், தாவரவியல் பட்டம் நேரடித் தகுதி. எம்.எஸ்சி., பி.எட். முடித்தால் ஆசிரியர் பணி. சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதினால் உதவித்தொகையோடு ஆராய்ச்சி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கியூட் நுழைவுத் தேர்வு. இந்த வருஷ விண்ணப்பம் முடிந்துவிட்டது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காவது சொல்லி வையுங்கள்.

வேதாரண்யத்து அண்ணன் | 12 மே 2024, மாலை 4.20

ஞாயித்துக்கிழமைக்கு ஊருக்கு வந்தேன். இந்த இழை முழுசையும் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டினேன். 7.5 பத்தியும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம், சித்தி வீட்டுல இருந்ததாலதான் அந்த வருஷம் ஸ்கூலுக்கே போக முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு மாமாவுக்குச் சோறு எடுத்துட்டுப் போயிட்டா.

ஒரு வருஷம் நிக்க மாட்டேன்னு சொல்றா. அரசு கலைக் கல்லூரிக்கு இ-சேவையில விண்ணப்பிச்சாச்சு. மீன்வளத்துக்கும் போடறோம். பாராமெடிக்கல் திறந்ததும் போட்டுடுவோம். என்னென்ன பேப்பர் தயாரா வெச்சுக்கணும்?

மதுரை செவிலி | 12 மே 2024, இரவு 8.00

பத்து, +1, +2 மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ. சாதிச் சான்றில் அப்பா பெயரும் மதிப்பெண் சான்றில் அப்பா பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். அந்த ஒரு எழுத்தால் கலந்தாய்வு மேசையில் வியர்த்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை அல்லவா? அப்படியானால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு இன்றே இ-சேவையில் போடுங்கள். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கட்டணச் சலுகை கிடைக்கும்.

புதுமைப் பெண் திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். இதுவரை ஆறிலிருந்து +2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். இந்தக் கல்வியாண்டிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு என்று பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஏழாம் வகுப்பு இங்கேயாவது குறுக்கே நிற்காது என்று நம்புகிறேன். சேர்ந்ததும் கல்லூரியிலேயே கேளுங்கள்.

மூணாவது முயற்சி | 5 ஜூன் 2024, காலை 6.10

நேத்து ராத்திரியே நீட் முடிவு வந்துடுச்சு. 14ன்னு சொல்லிட்டு 4ஆம் தேதியே விட்டுட்டாங்க. எனக்கு 463. நாடு முழுக்க 67 பேர் 720க்கு 720. எல்லோருக்குமே மார்க் ஏறியிருக்கறதால என் ரேங்க் எங்கே நிக்கும்னு புரியல. அழுது முடிச்சுட்டேன். இந்த இழையைப் பார்த்துட்டு இந்தத் தடவை பாராமெடிக்கலுக்கும் போட்டிருக்கேன், ரெண்டு வருஷமா போடாதது. உங்க தங்கச்சிக்கு எவ்வளவு அண்ணா?

வேதாரண்யத்து அண்ணன் | 5 ஜூன் 2024, இரவு 10.00

311மா. தகுதி இருக்கு. இடம் வராதுன்னு அவளே சொல்லிட்டா. சித்தாவுக்கு மட்டும் போடப் போறா. நீ போட்டது நல்லதும்மா. அம்மாகிட்டயும் பேசு.

வேதாரண்யத்து அண்ணன் | 20 ஜூன் 2024, இரவு 9.15

அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி. விலங்கியல் கிடைச்சிடுச்சு. சேர்றதா வேண்டாமான்னு குழப்பம். சேர்ந்தா டி.சி.யை வாங்கி வெச்சுப்பாங்க, அப்புறம் பாராமெடிக்கல் வந்தா திருப்பித் தர மாட்டாங்கன்னு ஊர்ல பயமுறுத்தறாங்க.

விலங்கியல் வாத்தியார் | 20 ஜூன் 2024, இரவு 10.05

சேர்த்துவிடுங்கள். கையில் ஓர் இடம் இருக்கட்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இந்த ஆண்டு செப்டம்பர் 30க்குள் விலகினால் கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் தேவைப்படும்போது, வேறு படிப்பில் இடம் கிடைத்த ஆணையை இணைத்து முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எங்கள் துறையில் வருஷத்துக்கு நாலைந்து பேர் அப்படிப் போகிறார்கள். சிரித்த முகத்தோடுதான் அனுப்புகிறோம். எதற்கும் எல்லாவற்றையும் நான்கு நகல் எடுத்து வையுங்கள்.

அதுவரை ஒழுங்காக வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள். முதல் மாதத்தில் நாங்கள் நடத்தும் செல் உயிரியல் எந்தப் படிப்புக்குப் போனாலும் கூட வரும்.

வேதாரண்யத்து அண்ணன் | 8 செப்டம்பர் 2024, மாலை 6.30

அண்ணனோட ஐடியில நான்தான் எழுதறேன், தங்கச்சி.

கலந்தாய்வு முடிஞ்சுது. என் முறை வந்தப்போ அரசு நர்சிங் கல்லூரி இடங்கள் என் பிரிவுல முடிஞ்சிடுச்சு. தனியார்ல நர்சிங் இருந்தது, அரசு மருத்துவக் கல்லூரியில பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி இருந்தது. திரையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. அண்ணன் நர்சிங்னு சொன்னாங்க, வேலை சீக்கிரம் கிடைக்கும்னு. நான் டயாலிசிஸை எடுத்துட்டேன். மூணு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. மாமா பக்கத்துல உக்காந்திருந்த ரெண்டு வருஷமும் அந்த மெஷின் சத்தம் மாறினா என்ன ஆச்சுன்னு சிஸ்டர் ஓடி வருவாங்க. எனக்கு ஒண்ணும் புரியாது. அது புரியணும்.

டி.சி.யை அடுத்த நாளே கொடுத்துட்டாங்க சார். செல் உயிரியல் நோட்டைப் பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன். கோவில்பட்டி அம்மா, நீங்க சொன்ன கேள்வியை அங்கேயும் கேட்டேன், பட்டத்தை யார் தர்றாங்கன்னு. எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகம்.

மதுரை அக்கா, ஒரு சந்தேகம். பாடம் எல்லாம் இங்கிலீஷ்தான்னு சொல்றாங்க. நான் பன்னெண்டு வருஷமும் தமிழ் வழி. முதல் வருஷத்துக்கு உடற்கூறு, உடலியங்கியல் எந்தப் புத்தகம் வாங்கினா புரியும்?

மதுரை செவிலி | 8 செப்டம்பர் 2024, இரவு 7.10

வாம்மா. நானும் தமிழ் வழிதான். இப்போதைக்கு எதுவும் வாங்காதே, நூலகத்தில் இருக்கும். உன் +1 விலங்கியல் புத்தகத்தையும், அதே பாடத்தின் ஆங்கில வழிப் புத்தகத்தையும் பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள். சிறுநீரகப் பாடத்தை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் படி. நெஃப்ரான் படத்தை நீயே வரைந்து ஆங்கிலத்தில் பெயர் எழுது. முடித்ததும் இங்கே வந்து சொல், அடுத்தது என்ன என்று பார்க்கலாம்.